ஒன்றாம் நம்பர் பாட்டு

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது மணி காலை ஆறேகால். டிசம்பர் பனியில் பஸ் கண்ணாடியெல்லாம் வியர்த்துக் கிடக்கும். உள்ளே ஒருவரும் பேச மாட்டார்கள். எட்டு மணி நேரம் லாக்கரில் பூட்டிக் கிடந்த செல்போன் கைக்கு வந்திருக்கிறது. ஆளுக்கொரு இயர்போன், ஆளுக்கொரு பாட்டு.

ஆனால் டிசம்பர் முதல் வாரத்தில் மட்டும் அந்த பஸ்ஸில் பேச்சு சத்தம் கேட்கும். பாட்டு கேட்கும் ஆப், 'இந்த வருடம் நீங்கள் அதிகம் கேட்டது இதுதான்' என்று கலர் கலராக ஒரு கணக்கு கொடுக்கும். அதை ஒருத்தருக்கொருத்தர் காட்டிச் சிரித்துக்கொள்வார்கள். அன்றைக்கு ஜன்னலோர சீட்டில் இருந்த ஊத்தங்கரைப் பெண்ணுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. 24 வயது. ஓசூருக்கு வந்து ஆறு வருடம். அவள் போனில் முதல் இடத்தில் இருந்தது, 'கூலி' படத்தின் 'மோனிகா'.

"இது நானே இல்லடி" என்றாள் பக்கத்து சீட்டுக்காரியிடம்.

காரணம் இருக்கிறது. அவள் அக்கா மகனுக்கு இரண்டு வயது. 'மோனிகா' ஓடினால்தான் வாயைத் திறப்பான். வீக்லி ஆஃபுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் சோறு ஊட்டுவது சித்தியின் வேலை. ஒரு கிண்ணம் பருப்பு சாதத்துக்குக் குறைந்தது ஆறு 'மோனிகா'. அந்த ஆப்பைப் பொறுத்தவரை முப்பது விநாடி ஓடிவிட்டால் ஒரு தடவை கேட்ட கணக்கு. கேட்டது காதா, வயிறா என்று அதற்குத் தெரியாது. போதாததற்கு, டிசம்பர் பிறந்ததுமே கணக்கை வெளியிட்டுவிடுகிறது. அதற்கப்புறம் வருகிற பாட்டுக்கெல்லாம் அந்த வருடத்தில் இடமே இல்லை.

அவளுடைய உண்மையான கணக்கு வேறொரு இடத்தில் இருக்கிறது: ஹாஸ்டல் பெட்டியில் உள்ள ஒரு நோட்டில். 2019-இல் பிளஸ் டூ முடித்து ஓசூருக்கு வந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் பத்துப் பாட்டை வரிசைப்படுத்தி எழுதுகிறாள். விதிகள் இரண்டே இரண்டு. பாட்டு அந்த வருடம் வந்ததாக இருக்க வேண்டும். முதல் தடவை கேட்டு முடித்ததும் கை தானாகத் திரும்ப முதலிலிருந்து ஓட விட்டிருக்க வேண்டும். ஒன்றிலிருந்து பத்து வரை இடம் போடுவதற்கு டிசம்பர் 31 இரவு வரை நேரம் உண்டு. அதுவரை பென்சில், அப்புறம்தான் பேனா.

பாட்டை வரிசைப்படுத்தும் பழக்கம் இந்தியாவில் ஏற்பட்டதே ஒரு சண்டையால்தான். 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மட்டமான ரசனை என்று நினைத்தவர். அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு காணாமல் போனது. கேட்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். அதே 1952, டிசம்பர் 3-ஆம் தேதி ரேடியோ சிலோனில் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. நடத்தியவர் அமீன் சயானி. ரெக்கார்டு கடைகளின் விற்பனையையும் ரசிகர் மன்றங்களின் கடிதங்களையும் வைத்துப் பாட்டுகளுக்கு இடம் கொடுத்தார்கள். 'எத்தனையாவது இடம்' என்று சொல்லாமல் 'எத்தனையாவது படிக்கட்டு' என்பார் சயானி. பாட்டு ஏறும், இறங்கும். வருடக் கடைசியில் மொத்த வருடத்துக்கும் ஒரு வரிசை. நாற்பது வருடங்களுக்கு மேல் வட இந்தியா அந்தப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தது. சயானி 2024 பிப்ரவரி 20-ஆம் தேதி, 91 வயதில் காலமானார்.

தமிழ் வீடுகளுக்கும் அதே கொழும்புதான். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைச் சொன்னாலே இன்றைக்கும் ஐம்பது அறுபது வயதுக்காரர்களின் முகம் மாறும். 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி அரசாங்கம் சினிமாப் பாட்டுக்குத் திரும்பி வந்தபோது, நேயர்கள் வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள்.

ஊத்தங்கரைப் பெண்ணுக்கு இந்த நோட்டுப் பழக்கம் வந்தது அப்பாவிடமிருந்து. அவர் லாரி டிரைவர். கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, தும்கூர் என்று அந்த ஒரே ரோட்டில் முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். அவர் காலத்தில் வரிசை போடாமல் பாட்டு கேட்கவே முடியாது. ரெக்கார்டிங் கடைக்குப் போய் வெற்றுக் கேசட் வாங்கி, என்னென்ன பாட்டு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். சி-60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். இரண்டு பக்கமும் சேர்த்து பன்னிரண்டு, பதிமூன்று பாட்டுதான் தேறும். பதினாலாவதை எழுதினால் கடைக்காரர் பேனாவை எடுத்து ஒன்றை அடித்துவிடுவார், அல்லது கடைசிப் பாட்டு பாதிச் சரணத்தில் 'கிளிக்' என்று நின்றுபோகும். எதை விடுவது என்று கடை வாசலில் நின்று யோசித்த அந்தப் பத்து நிமிடம்தான் அவருக்குத் தெரிந்த தரவரிசை. கோடிக்கணக்கான பாட்டு பாக்கெட்டில் இருக்கும் இந்தக் காலத்தில் அந்த யோசனை யாருக்கும் கட்டாயமில்லை. அதனாலேயே இந்தப் பெண் பத்து என்று எல்லை வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

சரி, 2025-க்கு வருவோம். பிப்ரவரியிலேயே 'டிராகன்' படத்தின் 'வழித்துணையே' நோட்டில் ஏறிவிட்டது. லியோன் ஜேம்ஸ் இசை, சித் ஸ்ரீராம் குரல். பாகலூர் ரோடு டிராஃபிக்கில் பஸ் நின்றுபோகும் காலைகளுக்கென்றே போட்ட பாட்டு மாதிரி இருந்தது அவளுக்கு. மே 1-ஆம் தேதி 'ரெட்ரோ'வும் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் ஒரே நாளில் வந்தன. முதல் படத்தின் 'கனிமா'வுக்குக் கல்யாண மண்டபம் எங்கும் ஆட்டம். இரண்டாவது படத்தில் ஷான் ரோல்டனின் 'முகை மழை' சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. அவள் நோட்டில் 'முகை மழை' மூன்று, 'கனிமா' ஆறு. 'கனிமா'வுக்கு ஆடியதும் பூஜா ஹெக்டே, 'மோனிகா'வுக்கு ஆடியதும் பூஜா ஹெக்டே. ஒரே வருடத்தில் தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளையும் குழந்தைகளின் சாப்பாட்டையும் ஒரே ஆள் கவனித்துக்கொண்டார் என்று சொல்லலாம். ஜூலையில் 'தலைவன் தலைவி'யின் 'பொட்டல முட்டாயே'. தீபாவளிக்கு 'டியூட்' படத்தின் 'ஊரும் பிளட்'. இசை சாய் அபயங்கர். 'கட்சி சேர', 'ஆச கூட' என்று சினிமாவுக்கு வெளியே தனிப் பாட்டுப் போட்டுப் பெயர் வாங்கியவர். பாடகர்கள் திப்பு, ஹரிணியின் மகன்.

தகராறு துவங்கியது பத்தாவது இடத்தில். ஹாஸ்டல் அறையில் நான்கு பேர். ஒருத்தி ஆந்திரா குப்பம். ஒருத்தி தருமபுரி. இன்னொருத்தி தேன்கனிக்கோட்டை தாண்டி, தளிப் பக்கம். வீட்டில் பேசுவது கன்னடம், பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ். ஓசூரைச் சுற்றி இது சாதாரணம். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும், கொஞ்சம் உருதும். ரேடியோவைத் திருகினால் பெங்களூரு எஃப்.எம். பாட்டு. நாற்பது கிலோமீட்டர்தானே!

தளிப் பெண்ணின் கோரிக்கை: 'துவாபர' பாட்டுக்கு ஓர் இடம். 'கிருஷ்ணம் பிரணய சகி' என்ற கன்னடப் படத்தில் அர்ஜுன் ஜன்யா இசையில் வந்து, கர்நாடகம் முழுக்க ஓடிய பாட்டு.

"அது 2024 பாட்டுடி. விதி ஒத்துக்காது."

"நீ இந்த வருஷம்தானேக்கா கேட்டே?"

கேள்வி சின்னது, பதில் அவ்வளவு சுலபமில்லை. 1999-இல் 'எதிரும் புதிரும்' படத்துக்கு வித்யாசாகர் போட்ட 'தொட்டுத் தொட்டுப் பேசும் சுல்தானா', ஏப்ரலில் 'குட் பேட் அக்லி' வந்த பிறகுதான் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. 1991-இல் வந்த 'குணா'வின் 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டை, 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் குகைக்குள்ளிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. ஒரு பாட்டின் வருடம் அது வந்த வருடமா, நம்மிடம் வந்து சேர்ந்த வருடமா?

இதெல்லாம் டிசம்பரின் செல்லச் சண்டை. ஜூன் மாதம் அந்த அறையில் நடந்தது வேறு.

மே 24-ஆம் தேதி சென்னையில் 'தக் லைஃப்' பாடல் வெளியீட்டு விழா. ஏ.ஆர்.ரஹ்மான் இசை. 'முத்த மழை' பாட்டைத் தமிழில் பாடியவர் தீ. அன்றைக்கு அவர் மேடைக்கு வர முடியாததால், தெலுங்கிலும் இந்தியிலும் அதைப் பாடியிருந்த சின்மயி வந்து தமிழில் பாடினார். 2018-இல் மீ டூ புகார்களை வெளிப்படையாகச் சொன்னதற்குப் பிறகு டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டு, தமிழ்த் திரையில் குரல் அபூர்வமாகிப் போயிருந்தவர். அந்த மேடைப் பாட்டு ஒரே இரவில் ஊரெல்லாம் பரவியது. தீயா, சின்மயியா என்று பட்டிமன்றம் கிளம்பியது. ஒப்பிட வேண்டாம் என்று சின்மயியே சொன்னார், யார் கேட்டார்கள்? ஊத்தங்கரைப் பெண் சின்மயி கட்சி. அந்த மேடை வீடியோவை யூடியூபில் எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. பாட்டு ஆப்பில் கேட்கவில்லை. அதனால் ஆண்டுக் கணக்கில் அது வரவும் இல்லை.

அதே விழாவில், கன்னட நடிகர் சிவராஜ்குமார் கீழே உட்கார்ந்திருக்க, கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்ற பொருளில் கமல்ஹாசன் பேசினார். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. மன்னிப்புக் கேட்டால்தான் படம் வெளியாகும் என்றது கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை. விவகாரம் உயர் நீதிமன்றம் போனது. ஜூன் 5 அன்று உலகமெங்கும் வெளியான படம் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. ஜூன் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கர்நாடக அரசைக் கண்டித்தது. அதற்குள் படத்தின் கதையே முடிந்துவிட்டிருந்தது. ஒரே மேடை, ஒரே மாலை. அங்கிருந்துதான் அந்த வருடத்தின் பாட்டும் வந்தது, அந்த வருடத்தின் சண்டையும் வந்தது.

(சிவராஜ்குமாரின் அப்பா, கன்னடத் திரையின் ராஜ்குமார் பிறந்த கஜனூர் இன்றைய ஈரோடு மாவட்டத்தில், தாளவாடி பக்கம் இருக்கிறது. எல்லைக் கோட்டுக்குச் சினிமா தெரியாது.)

ஹாஸ்டல் மெஸ்ஸில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தோசைக்கு நின்ற வரிசையில் யாரோ தளிப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்கள்: "உங்க ஆளுங்க ஏன் இப்படிப் பண்றாங்க?"

"யாரு எங்க ஆளுங்க? நான் கிருஷ்ணகிரி மாவட்டம். எனக்கு ஓட்டே தளித் தொகுதியிலதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தட்டை மட்டும் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். பக்கத்தில் நின்றிருந்த ஊத்தங்கரைப் பெண் வாயே திறக்கவில்லை. கேட்டது அவள் இல்லை என்றாலும், திறக்காத வாய் அவளுடையது. அன்றிலிருந்து அறையில் ஸ்பீக்கர் ஓடவில்லை. 'முத்த மழை'யும் இல்லை, 'துவாபர'வும் இல்லை. நான்கு பேரும் இயர்போன் போட்டுக்கொண்டு நான்கு சுவர்களைப் பார்த்துப் படுத்திருந்தார்கள்.

ஆனால் 'தக் லைஃப்' படத்துக்கு நான்கு டிக்கெட் முன்கூட்டியே போட்டாயிற்று. காசு கொடுத்தாயிற்று. பேசாமலே கிளம்பிப் போனார்கள். பெங்களூருவில் படம் இல்லாததால் அங்கிருந்தும் ரசிகர்கள் எல்லை தாண்டி ஓசூர் தியேட்டர்களுக்கு வந்தார்கள். மற்ற நாட்களில் இது தலைகீழாக நடக்கும். தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கு அதிகாலைக் காட்சி நின்றுபோன பிறகு, காலை ஒன்பது மணி வரை பொறுக்க முடியாத ஓசூர் ரசிகர்கள் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போய் ஆறு மணிக் காட்சி பார்ப்பது வழக்கம்.

படம் ஓடியது. இடைவேளை வந்தது. பாட்டு வரவில்லை. அடுத்த பாதியும் ஓடி முடிந்தது. பெயர்கள் ஓடத் துவங்கி, ஆட்கள் எழுந்து படியிறங்குகிறார்கள். நான்கு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். 'முத்த மழை' அந்தப் படத்திலேயே இல்லை. அதைப் பல ஊர்களில் பல பேர் அன்றைக்குக் கண்டுபிடித்து வயிறெரிந்தார்கள்.

"பாட்டு எங்கக்கா?" என்றாள் தளிப் பெண்.

ஐந்து நாட்களில் அவள் பேசிய முதல் வார்த்தை. "என்னைக் கேட்டா? தூக்கிட்டாங்க போலருக்குடி!" என்று இவள் கத்த, இருவரும் சேர்ந்து திட்ட ஆரம்பித்தார்கள். ஒருத்தி தமிழில், ஒருத்தி கன்னடத்தில். பஸ் ஸ்டாண்ட் வரை திட்டு ஓயவில்லை. மெஸ்ஸில் பேசாமல் நின்றதற்கு இவள் அன்றிரவு ஒரு வார்த்தை சொன்னாள். "விடுக்கா" என்றாள் அவள். ஸ்பீக்கர் மறுபடி ஓடியது.

இதைக் கேட்ட அப்பா, "எனக்கும் இப்படி ஒரு பாட்டு இருக்கு பாப்பா" என்றார்.

அவருடைய பாட்டு 'ராக்கம்மா கையத் தட்டு'. 1991 நவம்பர் 5, தீபாவளி. 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன, இரண்டுக்கும் இளையராஜா. அப்போது அவர் பதினேழு வயது லாரி கிளீனர். முதல் சம்பளத்தில் வாங்கிய 'தளபதி' கேசட் வண்டியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மாதம்தான். காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து டிசம்பர் 12-ஆம் தேதி பெங்களூரில் கலவரம் வெடித்தது. தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஓசூர்ப் பக்கம் வந்து இறங்கின. ஜூஜூவாடியில் வரிசை கட்டி நின்ற லாரிகளில் இவர்கள் வண்டியும் ஒன்று. போக்குவரத்து திறந்த பிறகும் டிரைவர் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "டேய், அந்தக் கேசட்டை எடுத்து சீட்டுக்கு அடியில போடு."

வாரக்கணக்கில் பாட்டே இல்லாமல் ஓடியது வண்டி. தும்கூர் போகும் வழியில் ஒரு டீக்கடை. வழக்கமாக நிற்கும் கடைதான், ஆனாலும் பயத்தோடுதான் இறங்கினார்கள். கடை டேப்பில் ஓடிக்கொண்டிருந்தது 'ராக்கம்மா'. கடைக்காரர் கன்னடக்காரர். இவர்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார், அவ்வளவுதான்.

அந்தக் கடைக்காரர் யோசித்துச் செய்தாரோ இல்லையோ, அந்தப் பாட்டு அவர் ஊர்ப் பாட்டும்தான். எஸ்.பி.பி.யோடு அதைப் பாடிய ஸ்வர்ணலதா, கேரளத்தில் பிறந்து கர்நாடகத்தின் பத்ராவதியில் வளர்ந்தவர். 2010-இல், 37 வயதிலேயே போய்விட்டார். ஆடிய ரஜினிகாந்த் பெங்களூரு பஸ் கண்டக்டர். பாட்டை எடுத்ததே மேல்கோட்டை ராயகோபுரத்தில். இத்தனையும் சேர்ந்து, வாலியின் வரிகளுக்கு நடுவே அப்பர் தேவாரமும் கலந்து, தமிழ்ப் பாட்டு ஆயிற்று.

2002-இல் பிபிசி உலக சேவை தன் எழுபதாவது ஆண்டுக்காக உலகத்தின் பிடித்த பாட்டு எது என்று வாக்கெடுப்பு நடத்தியது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஓட்டு வந்தது. 'ராக்கம்மா'வுக்கு நான்காம் இடம்! ஐந்தாம் இடமும் தமிழ்தான்: 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' என்ற ஈழத்துப் பாடல். 'போஹிமியன் ராப்சடி' பத்தாவதாக நின்றது. முதலிடம் அயர்லாந்தின் ஒரு பழைய விடுதலைப் பாட்டுக்கு. இரண்டு 'வந்தே மாதரம்', மூன்று 'தில் தில் பாகிஸ்தான்'. எது நல்ல இசை என்பதைவிட யார் எவ்வளவு ஆவேசமாக ஓட்டுப் போட்டார்கள் என்பதைத்தான் அந்தப் பட்டியல் காட்டுகிறது என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. இருக்கட்டுமே. ஆவேசம் இல்லாமல் எவன் பாட்டுக்கு ஓட்டுப் போடுவான்?

டிசம்பர் 31. இரவு பத்து மணி. வருடா வருடம் போல அப்பாவும் மகளும் போனில் பட்டியலை வாசித்துக்கொள்ளும் நேரம். அவருடையது டீசல் பில்லின் பின்பக்கம். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அறையில் நால்வரும் இருந்தார்கள்.

"ஒண்ணு, ராக்கம்மா."

"அப்பா, அது இந்த வருஷப் பாட்டு இல்ல."

"இந்த வருஷமும் கேட்டேனே பாப்பா. முப்பத்து நாலாவது வருஷமா முதலிடம். யாராச்சும் வந்து இறக்கட்டும் பார்க்கலாம்."

மகளின் பட்டியலில் 'முத்த மழை' ஒன்று. பேனாவால் எழுதியாயிற்று. அடைப்புக்குள் 'மேடை' என்றும் போட்டிருந்தாள். 'மோனிகா' எட்டில் இருந்தது, அக்கா மகனுக்காக. பத்தாவது இடத்தில் விதியை மீறி 'துவாபர' ஏறியிருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில்: 'இந்த வருஷம்தான் கேட்டேன்.'

அப்பா லாரிக் கன்னடத்தில் தளிப் பெண்ணை விசாரித்தார். ஊரில் மழை எப்படி, ராகி அறுப்பு முடிந்ததா, அப்புறம் கடைசியாக, "உன்னோட ஒண்ணாம் நம்பர் எதும்மா?"

அவள் நோட்டை எட்டிப் பார்த்தாள். பென்சிலை வாயில் வைத்துக் கடித்தாள்.

"இன்னும் முடிவு பண்ணலப்பா. மணி பத்துதானே ஆகுது" என்றாள்.